புல்வெட்டியை நிறுத்தி வைத்தவர்களுக்கு நன்றி

மார்ச் கடைசியில் நடு டெக்சஸ் நெடுஞ்சாலைகளின் இரண்டு பக்கமும் ப்ளூபானெட் என்ற காட்டுப்பூ நீலமாகப் பூத்துக் கிடக்கும். ஊடே ஆரஞ்சுச் சிவப்பில் இண்டியன் பெயிண்ட்பிரஷ் என்ற இன்னொரு காட்டுப்பூ. "இதெல்லாம் தானாக முளைத்ததுதானே?" என்று எங்களிடம் தோட்டம் அமைக்க வருகிறவர்கள் கேட்பார்கள். பாதி சரி. மீதிப் பாதிக்கு ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

சாலைக்காக வெட்டி நிரப்பிய மண்ணில் முதலில் எட்டிப் பார்ப்பது காட்டுப்பூச் செடிகள்தான் என்பதை மாநில நெடுஞ்சாலைத் துறை ஆரம்பத்திலேயே கவனித்திருந்தது. 1932-இல் ஜாக் கபெல்ஸ் என்ற நிலவடிவமைப்பாளரை வேலைக்கு எடுத்தார்கள். 1934-க்குள் ஒரு விதி வந்துவிட்டது: பாதுகாப்புக்குத் தேவையான இடம் தவிர, பூக்காலம் முடியும்வரை புல்வெட்டி இறங்கக் கூடாது. விதைப்பதைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். இத்தனைக்கும் துறை ஆண்டுக்குச் சுமார் 30,000 பவுண்டு விதை வாங்கித் தூவுகிறது. ஆனால் நேரம் தவறி ஒருமுறை வெட்டினால் அந்த ஆண்டின் விதை அங்கேயே போச்சு.

காரணம் செடியின் வாழ்க்கையில் இருக்கிறது. ப்ளூபானெட் அவரைக் குடும்பம், ஓராண்டுச் செடி. இலையுதிர்காலத்தில் முளைத்து, குளிர்காலம் முழுக்கத் தரையோடு ஒட்டிக் கிடக்கும். விரல் விரித்த மாதிரி இலை, அதன் நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கும். களை என்று நினைத்துப் பிடுங்கிவிடுவது இந்தக் கட்டத்தில்தான். பூ முடிந்தபின் காய் பச்சையிலிருந்து பழுப்பாகிக் காய்ந்து வெடிக்கும். விதை தெறித்து விழும். தோல் கெட்டியானதால் எல்லா விதையும் அடுத்த ஆண்டே முளைக்காது, சில விதைகள் பல ஆண்டுகள் மண்ணில் காத்திருக்கும். பூ வாடிய அந்த ஒன்றரை மாதம் சாலையோரம் பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். "ஏன் இன்னும் வெட்டவில்லை?" என்ற புகார்களைத் தாங்கிக்கொண்டு பொறுத்திருக்கும் பராமரிப்பு ஊழியர்களால்தான் அடுத்த வசந்தம் வருகிறது.

அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சனின் மனைவி லேடி பேர்ட் ஜான்சனுக்கு இது தெரிந்திருந்தது. 1965-இன் நெடுஞ்சாலை அழகுபடுத்தும் சட்டத்துக்குப் பின்னால் இருந்தவர். 1982-இல் ஆஸ்டினில் காட்டுப்பூ ஆய்வு மையத்தைத் தொடங்கியவர். சாலைப் பராமரிப்பு ஊழியர்களுக்கென்றே பரிசு வைத்துத் தன் கையால் கொடுத்தார்.

அப்புறம், நம் பங்கு. ப்ளூபானெட்டைப் பறிக்கக் கூடாது என்று தனிச் சட்டம் எதுவும் டெக்சஸில் கிடையாது. ஆனால் படத்துக்காகக் குழந்தையைப் பூவுக்கு நடுவில் உட்கார வைக்கும்போது நசுங்கும் செடி விதை வைக்காது. ஏற்கெனவே மிதிபட்ட வெற்றிடத்திலோ ஓரத்திலோ உட்கார வையுங்கள். நெருப்பெறும்பும் பாம்பும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். வேக நெடுஞ்சாலையின் ஓரத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள், உள்சாலைகளிலும் பூங்காக்களிலும் இதே பூ உண்டு. உங்கள் வீட்டு முற்றத்தில் போட்டிருந்தால், பாதிக்கு மேல் காய்கள் பழுப்பாகும்வரை வெட்ட வேண்டாம்.

கோடையில் விளக்கு மின்னிக்கொண்டு நெடுஞ்சாலைத் துறை வண்டி நின்றால், அடுத்த தடத்துக்கு மாறுங்கள் அல்லது வேகத்தைக் குறையுங்கள். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. அங்கே வேலை செய்துகொண்டிருப்பவர் ஏப்ரல் முழுக்க உங்களுக்காக இயந்திரத்தை நிறுத்தி வைத்திருந்தவராக இருக்கலாம்.