இரவு பத்து மணிக் கோல்

கொக்குவிலில் இருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அவர் டொரொண்டோவில. அங்கே மத்தியானம் சாப்பிடுற நேரம், இங்கே இரவு பத்து மணிக்குக் கோல் எடுப்பார். ஒருநாள் எடுக்காட்டிலும் எனக்குப் புட்டு இறங்காது. ஆரோ செய்வினை செய்துபோட்டினம், நூல் கட்டுவம் எண்டு மாமி சொல்லுறா. இது ஒரு வருத்தமோ?"

வருத்தம் இல்லை, அம்மா. செய்வினையும் இல்லை.

அன்பு வளரும்போது மூளையில் ஒக்சிற்றோசின், டோபமின் என்ற இரசாயனங்கள் வேலை செய்வதைப் பலரும் படித்திருப்பீர்கள். எனக்கு ஆச்சரியம் தருவது பிரிவின் வேதியியல். வட அமெரிக்கப் புல்வெளிகளில் பிரேரி வோல் என்றொரு சிறு எலி, ஒரே துணையோடு வாழும். 2009இல் ஒலிவர் பொஷ், லரி யங் என்ற ஆய்வாளர்களின் குழுவினர் ஆண் எலிகள் சிலவற்றைத் துணையிடமிருந்து சில நாள் பிரித்து, நீர்த்தொட்டியில் விட்டார்கள். அவை நீந்தப் பெரிதாக முயலாமல் மிதந்தபடி கிடந்தன. கூடப்பிறந்த ஆண் எலியைப் பிரிந்தவற்றுக்கு அப்படி ஆகவில்லை.

காரணம் சி.ஆர்.எஃப் என்ற பொருள். உடம்பின் பதற்றத்தை முடுக்கிவிடுவது அதுதான். பிரிந்த எலியில் மட்டும் அது கூடியிருக்கும் என்றுதானே நினைப்போம்? துணையோடு சந்தோஷமாக இருந்த எலியின் மூளையிலும் அதன் தயாரிப்பு கூடியே இருந்தது! மாரிக்கு முன்பே விறகு அடுக்குவோமே, அப்படி. சேர்ந்திருக்கும் நாள்களிலேயே விறகு அடுக்கியாகிவிடுகிறது. பிரிவு நெருப்பை வைக்கிறது. சி.ஆர்.எஃப் வேலை செய்யாதபடி மருந்தால் தடுத்ததும் பிரிந்த எலிகள் மறுபடி நீந்தின. துணையிடம் திரும்பிப் போகச் சொல்லும் உந்துதலே அந்த வேதனை என்பது ஆய்வாளர்களின் கருத்து.

எலி மனிதர் இல்லை, சரி. ஆனால் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கும் யாழ்ப்பாணத்தை விட இதை மனிதரிடம் ஆராயப் பொருத்தமான இடம் வேறு எது? அதற்குக் காசு ஒதுக்க வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்வேன். செய்வினைப் பேச்சு எனக்குக் கோபம் தருகிறது. ஏற்கெனவே நொந்தவரை அது பயமும் கொள்ள வைக்கிறது. கிழமைக்கணக்கில் நித்திரையும் சாப்பாடும் இல்லையென்றால் வைத்தியரிடம் போங்கள்.

இன்னொன்று. 2006இல் ஜேம்ஸ் கோன் குழு, மின்னதிர்ச்சிக்குக் காத்திருந்த 16 மனைவிமாரின் மூளையைப் படம்பிடித்தது. கணவரின் கையைப் பிடித்தபோது பதற்றம் நன்றாக அடங்கியது. முன்பின் தெரியாதவரின் கைகூடக் கொஞ்சம் உதவியது. கோல் வராத இரவில் மாமியைப் பக்கத்தில் வந்து இருக்கச் சொல்லுங்கள். இரண்டு பேருமாகப் புட்டைச் சாப்பிடுங்கள்.