கராஜில் பிட்கொயின் மெசின்: குளிரை நம்பி இரவு 11 மணிக்குப் போடுபவர்களுக்கு

போன தை மாதம் ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் மார்க்கம் நகரத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். "ட்ரையர் சொக்கெட் பக்கம் ஏதோ எரியிற மாதிரி மணக்குது, ஒருக்கா வந்து பாருங்கோ அண்ணை" என்று தம்பி ஒருவர் அழைத்திருந்தார். துணி காயவைக்கும் அந்த ட்ரையரை இழுத்துப் பார்த்தால் அதன் வயர் சும்மா கிடக்கிறது. சொக்கெட்டில் இருந்தது வேறொரு பிளக். அதிலிருந்து போன வயர், சுவரில் துளைத்த ஓட்டை வழியாகக் கராஜுக்குள் போயிருந்தது. கராஜில், ஸ்னோ அள்ளும் மெசினுக்கும் பெற்றோல் கானுக்கும் நடுவில், தரையில் ஒரு ஆன்ட்மைனர் எஸ்19, பிட்கொயின் சம்பாதிக்க ஓயாமல் கணக்குப் போடுகிற மெசின்.

பிளக்கைக் கழற்றினேன். ஒரு கால் மட்டும் தேயிலைச் சாயம் போலப் பழுப்பாகி, அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் இளகி மறுபடி இறுகியிருந்தது.

ஒன்ராறியோவில் மின்வேலை செய்பவன் நான். பிட்கொயின் லாபமா நட்டமா என்று என்னிடம் கேட்காதீர்கள். 2024 சித்திரையில் ஒரு பிளொக்குக்கான, அதாவது மெசின்கள் கணக்குப் போட்டு முடிக்கிற ஒரு கட்டுப் பரிவர்த்தனைக்கான, வெகுமதி 6.25 பிட்கொயினிலிருந்து 3.125 ஆகப் பாதியான பிறகும் ஆட்கள் இந்த மெசினை வாங்கிக் கராஜில் வைக்கிறார்கள். கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "வெளியில மைனஸ் 15, கூலிங் சும்மா கிடைக்குதே அண்ணை!"

மெசின் ஓடிக்கொண்டிருக்கும் வரை அது சரி. எஸ்19 சுமார் 3,250 வாட் இழுக்கும். இழுப்பதெல்லாம் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். நாங்கள் அறைக்குள் வைக்கிற 1,500 வாட் ஹீட்டர் இரண்டைச் சேர்த்தாலும் அதற்குக் கொஞ்சம் கீழேதான். அப்படி ஓடுகிற மெசினுக்குக் குளிரால் பெரிய தொல்லை இல்லை. தொல்லை அதை நிப்பாட்டும்போதும் திரும்பப் போடும்போதும்தான். எங்கள் ஆட்களோ அதைத்தான் தினமும் செய்கிறார்கள். காரணம் கரண்ட் பில்.

2023-ல் ஒன்ராறியோவில் ஒரு புதுக் கட்டணத் திட்டம் வந்தது. இரவு 11 மணியிலிருந்து காலை 7 மணி வரை கரண்ட் மிக மலிவு. தொடங்கியபோது ஒரு யூனிட் 2.4 சதம். அதற்குப் பதிலாக, வேலை நாட்களில் மாலை 4 முதல் 9 வரை கிட்டத்தட்ட பத்து மடங்கு. எட்டு மணி நேரம் ஓடினால் 26 யூனிட், அந்தத் தொடக்க விலையில், மற்றக் கட்டணங்களைச் சேர்க்காமல், 62 சதம். கணக்குப் போட்டுப் பார்த்த தம்பி, 11 மணிக்குப் போட்டு 7 மணிக்கு நிப்பாட்டினார். கணக்கில் பிழையில்லை, ஆனால் கராஜுக்குள் பகல் முழுக்க என்ன நடக்கிறது என்பது அதில் இல்லை.

காலை 7 மணிக்கு மெசின் ஓய்கிறது. காற்றுக்காகத் திறந்துவைத்த துவாரம் அப்படியே திறந்திருக்கிறது. மத்தியானத்துக்குள் மெசின் வெளிக்குளிர் அளவுக்கு இறங்கிவிடும். மாலை ஆறு மணிக்குக் கார் உள்ளே வருகிறது: சூடான எஞ்சின், கூரையில் ஒரு சாண் ஸ்னோ, சில்லுக்குள் உப்புச் சேறு. கதவை மூடியதும் ஸ்னோ உருகத் தொடங்கும், கராஜ் காற்று ஈரமாகும். அந்த ஈரம் எங்கே போய்ப் படியும்? இருப்பதிலேயே குளிர்ந்த உலோகத்தில். வெளியிலிருந்து பஸ்ஸுக்குள் ஏறியதும் மூக்குக்கண்ணாடி வெள்ளையாகிறதே, அதே சங்கதிதான். மெசினுக்குள்ளே வரிசை வரிசையாக நிற்கிற அலுமினியத் தகடுகளுக்குத் துடைத்துவிட ஆளில்லை. இரவு 11 மணிக்கு அந்த ஈரத்தோடுதான் கரண்ட் பாய்கிறது.

ஈரம் மட்டும் என்றால் ஃபான் காற்றில் காய்ந்துவிடும் என்று விட்டுவிடலாம். இங்கே உப்பும் சேர்கிறது. ரோட்டில் கொட்டுகிற உப்பு காரோடு வந்து, தரையில் காய்ந்து, மாவாகிறது. தரையில் வைத்த மெசின் அந்த மாவை உறிஞ்சி, உள்ளே சிப்புகள் பதித்த மின்சுற்றுப் பலகையில் பூசிக்கொள்கிறது. வெறும் தூசு அவ்வளவாகக் கரண்ட் கடத்தாது. ஈரமான உப்பு நன்றாகவே கடத்தும், செம்பையும் அரிக்கும். அந்த வீட்டு மெசினைத் திறந்து ரோர்ச் அடித்துப் பார்த்தபோது கனெக்டர் கால்களில் பச்சை பூத்திருந்தது. ஊரில் பூசைக்கு எடுக்காமல் கிடந்த செம்புக் குடத்தின் அடியில் பிடிக்குமே, அதே பச்சை.

இனிக் குளிர் ஸ்ரார்ட். எஸ்19-க்குத் தயாரிப்பாளர் சொல்லும் சுற்றுப்புற வெப்பநிலை 0 முதல் 40 டிகிரி. மைனஸ் 15-ல் பவர் சப்ளைக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்களின் திரவம் மந்தமாகிவிடும், அவற்றால் ஒழுங்காக வேலை செய்ய முடியாது. ஃபான் பெயரிங்கில் கிரீஸ் இறுகியிருக்கும். சில நேரம் மெசின் தானாகவே "குளிர் அதிகம்" என்று தொடங்க மறுக்கும், அது நல்லதுதான். தொடங்கிவிட்டால், மைனஸிலிருந்த சிப் கொஞ்ச நேரத்தில் 60, 70 டிகிரிக்கு ஏறும். ஒவ்வொரு இரவும் இப்படி விரிந்து, ஒவ்வொரு பகலும் சுருங்கினால் ஈயப்பற்று எத்தனை நாளைக்குத் தாங்கும்? எஸ்19-ல் ஒரு பலகைக்கு 76 சிப், அப்படி மூன்று பலகை. ஒரு பலகையின் சிப்புகள் சங்கிலி மாதிரித் தொடுத்தவை. தகவல் ஒன்றிலிருந்து மற்றதற்குக் கைமாறிப் போகவேண்டும், நடுவில் ஒன்று விட்டால் முழுப் பலகையும் படுத்துவிடும். ஒரு இரவில் சில்லறைக் காசுக்குக் கரண்ட் எரித்து, பலகை திருத்த நூற்றுக்கணக்கில் டொலர் கொடுப்பவர்களைப் பார்த்துவிட்டேன்.

இடையில் ஒன்று. டிவியில் "மைனஸ் 28 போல உணரப்படும்" என்று சொல்வதைக் கேட்டுப் பதறி அழைக்கிறார்கள். அது காற்றடிக்கும்போது மனிதத் தோல் உணர்வதற்கான கணக்கு. மெசினுக்குத் தோல் இல்லை. தெர்மோமீட்டர் காட்டும் எண் எதுவோ அதைப் பாருங்கள்.

சரி, சொக்கெட்டுக்கு வருவோம். ட்ரையர் சுற்று 240 வோல்ட், 30 ஆம்பியர். எஸ்19 எடுப்பது 13.5 ஆம்பியர் அளவில். "பாதிகூட இல்லையே, பிறகு ஏன் எரிஞ்சது?" என்று தம்பி கேட்டார், நியாயமான கேள்வி. ட்ரையர் ஒரு மணி நேரம் ஓடி ஓய்ந்துவிடும். இது இரவு எட்டு மணி நேரம் மூச்சு விடாமல் இழுக்கிறது. பதினைந்து வருடமாகக் கிடந்த சொக்கெட்டின் உள்ளே பிடி தளர்ந்திருந்தது. தளர்ந்த இடத்தில்தான் சூடு பிறக்கும், சூட்டில் பிடி இன்னும் தளரும். இதில் பிரேக்கர் விழவே விழாது. ஏனென்றால் கரண்ட் கூடவில்லை, தொடுகைதான் கெட்டிருக்கிறது.

அதைவிடப் பயம் தந்தது அந்த அடாப்டர். ஒரு பக்கம் 30 ஆம்பியர் ட்ரையர் பிளக், மறுபக்கம் கணினிக்குப் போடுகிற மெல்லிய வயர் இரண்டு. பிரேக்கர் காப்பது 30 ஆம்பியர் வயரைத்தான். மெல்லிய வயரில் பழுது வந்து 25 ஆம்பியர் ஓடினாலும் பிரேக்கர் பேசாமல் இருக்கும், வயர் எரியும். இந்த மெசினுக்கு வேண்டியது தனியான 240 வோல்ட், 20 ஆம்பியர் சுற்று, 12 கேஜ் செம்பு வயர். தொடர்ந்து ஓடுகிற சுமைக்கு 80 வீதம்தான் கணக்கு, 20-ல் 16, 13.5 அதற்குள் அடங்கும். புதுச் சுற்று இழுப்பதை லைசென்ஸ் உள்ள ஆளிடம் கொடுத்து, மின்பாதுகாப்பு ஆணையமான இஎஸ்ஏ-க்கு அறிவித்துச் செய்யுங்கள். வீட்டுக் காப்புறுதிக்காரரிடமும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். அறுபதுகளின் நடுவிலிருந்து எழுபதுகள் வரை கட்டிய வீடு என்றால் உள்ளே அலுமினிய வயர் இருக்கலாம். அப்படி இருந்தால் பார்க்காமல் எதையும் செருகவேண்டாம்.

எனக்கு அன்று உண்மையிலேயே கோபம் வந்தது சுவரில் இருந்த ஓட்டையைப் பார்த்துத்தான். இன்னும் சிலர், சூடு வீணாகிறதே என்று, பெரிய குழாய் பூட்டி மெசின் காற்றை வீட்டுக்குள் ஊதுகிறார்கள். வீட்டோடு ஒட்டிய கராஜின் சுவர் வாயு புகாதபடி அடைத்துக் கட்டியது. நடுக்கதவு தானாக மூடிக்கொள்வதும் அதற்காகத்தான். காலையில் குளிர்ந்த எஞ்சினைப் போட்டதும்தான் கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு அதிகம் வரும். கராஜ் காற்றை உறிஞ்சி வீட்டு நடைக்குள் தள்ளுகிற மெசினின் நான்கு ஃபான், அதையும் கொண்டுபோய்ப் பிள்ளைகள் படுக்கிற அறையில் விடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கராஜ் ஒட்டியிருக்கிற வீடுகளில் இந்த வாயுவுக்கான அலாரம் வைக்கவேண்டும் என்று ஒன்ராறியோவில் 2014-லிருந்து சட்டமே இருக்கிறது. அந்த வீட்டு அலாரத்தைக் கழற்றி பற்றரியைப் பார்த்தேன். இல்லை. ரிமோட்டுக்குப் போயிருந்ததாம்.

பெற்றோல் ஆவியும் ஆபத்துத்தான். அது காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு தரையாகத் தவழும். மெசினை இடுப்பளவு உயரத்தில் வையுங்கள். உப்பும் அவ்வளவு ஏறாது. பெற்றோல் கானை வெளியில் இருக்கிற சின்னக் கொட்டகைக்கு அனுப்பிவிடுங்கள். முடிந்தால் காரையும் வெளியில் விடுங்கள், ஒரே கூரைக்குள் இரண்டும் ஒத்துப்போகாது.

கராஜில்தான் வைப்பேன் என்றால், நிப்பாட்டாமல் ஓடவிடுங்கள். மலிவு நேரம் முடிந்ததும் அணைப்பதைவிட, பகலில் குறைந்த வாட்டில் ஓடும்படி மாற்றலாம். கட்டுப்படியாகவில்லை என்றால் குளிர்காலம் முழுக்க ஓய்வு கொடுங்கள். வெளியே போகும் சூட்டுக் காற்றில் ஒரு பங்கை உள்ளிழுக்கும் பக்கமே திருப்பிவிட, கையால் திறந்து மூடுகிற தகடு ஒன்று போதும். உள்ளே போகும் காற்று 10, 15 டிகிரியில் இருந்தால் நல்லது. மிச்சச் சூடு கட்டாயம் வெளியே போகவேண்டும். மூடிய கராஜுக்குள்ளேயே விட்டால் கூரைப் பலகையில் பூஞ்சணம் பிடிக்கும், காரும் கெதியாய்த் துருப்பிடிக்கும். எலியும் கணகணப்பான இடம் தேடி வரும், வந்தால் முதலில் கடிப்பது வயரை.

கரண்ட் போனால் என்ன செய்வது என்று யாரும் கேட்பதில்லை. 2013 மார்கழியில் ரொறன்ரோவில் உறைமழை கொட்டியபோது சுமார் மூன்று இலட்சம் வாடிக்கையாளர்களுக்குக் கரண்ட் போனது. சிலருக்கு நாட்கணக்கில் வரவில்லை. கரண்ட் திரும்பியதும் இந்த மெசின் உங்களைக் கேட்டுக்கொண்டிருக்காது, தானே தொடங்கிவிடும், உறைந்த உடம்போடு. ஆகவே கரண்ட் போன உடனேயே பிரேக்கரை இறக்கிவிட்டுக் காற்றுத் துவாரத்தை மூடுங்கள். திரும்பப் போடுவதற்கு முன் கராஜைக் கொஞ்சம் சூடாக்கி, மெசினுக்குள் ரோர்ச் அடித்துப் பாருங்கள்.

அன்று நான் சொக்கெட்டை மாற்றி, ஓட்டையைத் தீத்தடுப்புப் பூச்சால் அடைத்து, அலாரத்துக்கு என் பையிலிருந்தே பற்றரி போட்டுவிட்டேன். தனிச் சுற்று இழுக்கும் வரை மெசினை வீட்டுக்குள் வைக்கிறேன் என்று தம்பி அப்படியே தூக்கப் போனார். தடுத்தேன். 20 டிகிரி வீட்டுக்குள், சாதாரண ஈரப்பதத்திலேயே, 6 டிகிரிக்குக் கீழே இருக்கிற எதுவும் வியர்க்கும். மைனஸில் கிடந்த மெசின் குளித்தே விடும். கராஜில் வைத்தே பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, பிறகு உள்ளே கொண்டுபோகச் சொன்னேன். வியர்ப்பது பைக்கு வெளியே வியர்க்கட்டும், உள்ளே காய்ந்தபடியே இருக்கும்.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கே ஃபோன். "அண்ணை, பையைத் திறக்கட்டோ?"

"கையை வைச்சுப் பாருங்கோ, என்ன மாதிரி இருக்கு?"

"இன்னும் சில்லெண்டுதான் கிடக்கு."

"அப்ப பின்னேரம் எடுங்கோ."