வவுச்சர் எல்லாம் கரெக்ட், காசு மட்டும் காணோம்: ஈரி கால்வாய் கணக்கு

அமெரிக்கால நியூயார்க் மாநிலம் 1817ல ஈரி கால்வாய வெட்ட ஆரம்பிச்சு 1825ல முடிச்சுது. ஆல்பனில இருந்து பஃபலோ வரைக்கும் 363 மைல், செலவு ஏறக்குறைய 70 லட்சம் டாலர். இந்தக் காசுக்குன்னே கெனால் ஃபண்ட்னு தனியா ஒண்ணு வச்சாங்க, உப்பு வரி, ஏலத்துல விக்கிற சரக்குக்குப் போட்ட வரி, அப்புறம் கால்வாய் சுங்கம் எல்லாம் அதுக்குள்ள போகும், அதக் காட்டித்தான் கடன் பத்திரம் வித்தாங்க.

செலவு எப்படி போச்சுன்னா, பொறியாளர் வேலைய அளந்து எஸ்டிமேட் போடுவாரு, கால்வாய் வேலைய நடத்த மாநிலம் வச்ச கமிஷனர் காண்ட்ராக்டருக்குக் காசு குடுத்து கையெழுத்து வாங்குவாரு, அந்த ரசீதுதான் வவுச்சர். அதுங்களுக்கு நம்பர் போட்டு, மொத்தமா ஒரு பட்டியல் எழுதி மேல அனுப்பணும். மேல இருக்கறவரு பட்டியலையும் வவுச்சரையும் ஒண்ணொண்ணா ஒத்துப் பாத்து, கூட்டல் சரியா, கையெழுத்து இருக்கான்னு டிக் அடிப்பாரு. ஆடிட்னா அவ்ளோதான்!

இதுல மொதல்ல மாட்டுனவரு மைரன் ஹோலி. கமிஷனர்கள்ல ஒருத்தர், பட்டுவாடால பெரும் பங்கு அவர் கைலதான், 25 லட்சம் டாலருக்கு மேல அவர் வழியா போயிருக்கு. காண்ட்ராக்டர்ல நெறைய பேர் அந்தந்த ஊர் விவசாயிங்க, சின்னச் சின்ன துண்டா வேலை எடுத்தவங்க, அவங்ககிட்ட ஒவ்வொரு தடவையும் ரசீது வாங்கி பத்திரமா வைக்கறது லேசுப்பட்ட வேலையா என்ன. 1824ல கணக்கு பாத்தப்ப சுமார் 30,000 டாலருக்கு வவுச்சர் இல்ல. மனுஷன் பதவிய விட்டுட்டு சொத்தையும் எழுதிக் குடுத்துட்டாரு. அவர் எடுத்துக்கலன்னு ஒத்துக்கிட்டு, சட்டசபை பின்னாடி சொத்தத் திருப்பிக் குடுத்துச்சு.

அப்புறம் முறைய இறுக்குனாங்க, 1848ல கால்வாய்த் துறைக்குன்னே தனி ஆடிட்டர் வந்தாரு. ஆனா 1860கள், 70கள்ல கெனால் ரிங்னு பேர் வாங்குன ஒரு கும்பல், காண்ட்ராக்டரும் அரசியல்வாதியும் அதிகாரிங்களும் சேந்து, ஒரு வவுச்சர் கூட குறையாம காச அடிச்சாங்க. அந்த டெக்னிக்தான் எனக்கு ரொம்ப சுவாரசியம்.

நானே ஒரு கணக்கு போட்டுக் காட்டுறேன். டெண்டர்ல பொறியாளர் சொல்ற அளவு: மண்ணு 10,000 கன கெஜம், பாறை 100 கன கெஜம். ஒழுங்கான ஆளு மண்ணுக்கு 30 சென்ட், பாறைக்கு 1 டாலர் கேக்குறான், மொத்தம் 3,100 டாலர். கில்லாடி ஒருத்தன் மண்ணுக்கு 20 சென்ட், பாறைக்கு 5 டாலர் போடுறான், மொத்தம் 2,500, கம்மி ரேட்டு அவனுதுதானே, காண்ட்ராக்ட் அவனுக்கு. வேலை ஆரம்பிச்சதும் அளவு மாறுது, மண்ணு 3,000, பாறை 5,000. இப்ப அவனுக்குப் போறது 25,600 டாலர். முதல் ஆளா இருந்தா 5,900தான். பாறை கூடும்னு அவனுக்கு முன்னாடியே தெரியும், ஏன்னா அளக்கறவனும் அவன் ஆளு. நெசத்துல பாறைக்குப் பதிலா சுவத்துலயும் இது நடந்துச்சு, சாய்வா கட்ட வேண்டிய சுவத்த, ரேட்டு ஏத்திப் போட்ட நேர் சுவரா மாத்தச் சொல்லி உத்தரவு வாங்கிட்டா போதும்.

ஆடிட்டருக்கு இதுல என்ன தெரியும் சொல்லுங்க? ரேட்டு ஒப்பந்தப்படி இருக்கு, அளவுக்குப் பொறியாளர் கையெழுத்து இருக்கு, பெருக்கல் சரி, ரசீது இருக்கு. டிக்!

1875ல கவர்னர் சாமுவேல் டில்டன் வேற மாதிரி பாத்தாரு. மார்ச் மாசம் சட்டசபைக்கு அனுப்புன அறிக்கைல 10 காண்ட்ராக்ட எடுத்து, டெண்டர் அளவுப்படி வர வேண்டிய தொகையையும் நெசமா குடுத்த தொகையையும் பக்கத்துல பக்கத்துல வச்சாரு. முதல்ல வர்றது சுமார் 4,24,000 டாலர். குடுத்தது 15,60,000க்கு மேல. தனித்தனியா பாத்தா எந்தத் தாள்லயும் தப்பு இல்ல, ரெண்டையும் சேத்து வச்சாதான் ஓட்டை தெரியுது. ஜான் பிகலோ தலைமைல விசாரணைக் கமிஷனும் போட்டாங்க, அடுத்த வருஷமே மாநில அரசியல் சட்டத்தத் திருத்தி கால்வாய் கமிஷனர் பதவிகள எடுத்துட்டு பொதுப்பணிக்கு ஒரே சூப்பரின்டென்டன்ட்னு ஆக்குனாங்க.

கால்வாய்த் துறையோட பழைய கணக்குப் பேப்பருங்க ஆல்பனில மாநில ஆவணக் காப்பகத்துல இருக்கு. அதப் படிக்கப் போறவங்க மொத்தத் தொகையப் பாத்துட்டு நின்னுடக் கூடாது, டெண்டர் தாள்ல எந்த ஐட்டத்துக்கு ரேட்டு விநோதமா ஏறியிருக்குன்னு பாத்து, கடைசி பில்லுல அதே ஐட்டத்தோட அளவு எவ்ளோ ஆச்சுன்னு தேடணும்.