தொடையில் குத்தினால் சாக மாட்டான் என்று யார் சொன்னது?

"தொடையிலதான் சார் குத்துனேன். சாகடிக்கணும்னு நினைக்கல."

அவசர சிகிச்சைப் பிரிவில் இதைப் பலமுறை கேட்டுவிட்டேன். சொல்கிறவனுக்குப் பெரும்பாலும் பதினெட்டுகூட நிறைந்திருக்காது. அவன் கைக்கும் தையல் போட்டுக்கொண்டிருப்போம். கைப்பிடி ரத்தத்தில் வழுக்கி, விரல்கள் கத்தியின் மேலேயே இறங்கிவிடும். சிலருக்கு விரலை மடக்கும் தசைநாணே அறுந்திருக்கும்.

தொடை ஆபத்தில்லாத இடம் என்று யார் கிளப்பிவிட்டார்களோ! தொடையின் உள்பக்கமாக இறங்கும் தமனி ஏறக்குறைய ஒரு பென்சில் பருமன். வளர்ந்தவர் உடம்பிலேயே மொத்த ரத்தம் 5 லிட்டர் அளவுதான். அந்தத் தமனி அறுந்தால் உயிர் போகச் சில நிமிடங்கள் போதும்.

இளம் உடம்பு நம்மை ஏமாற்றவும் செய்யும். ரத்தம் போகப் போக, இதயம் வேகமாக அடிக்கும், குழாய்கள் சுருங்கும். ஏறத்தாழ 30 சதவீதம் ரத்தம் போகும்வரைகூட ரத்த அழுத்தம் பெரிதாக இறங்காமல் இருக்கலாம். அதன்பிறகு ஒரேயடியாகச் சரியும். "நல்லாப் பேசிட்டுத்தானே இருந்தான்" என்று கூட வந்த நண்பன் புலம்புவது இதனால்தான்.

அந்த நண்பனுக்குத் தெரிந்திருக்க வேண்டியது கொஞ்சம்தான். ஆம்புலன்சைக் கூப்பிட்டதும், சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து, உடம்பின் பாரத்தைப் போட்டு அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று அடிக்கடி துணியைத் தூக்கிப் பார்க்கக் கூடாது. கத்தி உடம்பிலேயே நின்றுவிட்டால் பிடுங்கவே கூடாது. பல நேரம் ரத்தத்தை அடைத்துக்கொண்டிருப்பதே அதுதான். அதன் இரண்டு பக்கமும் அழுத்த வேண்டும். குடிக்க எதுவும் வேண்டாம்.

வயிற்றுக் குத்து வேறு மாதிரி. வெளியே ஓர் அங்குல வாய், உள்ளே குடலில் இரண்டு மூன்று ஓட்டை. "உயிருக்கு ஆபத்தில்லை" என்பதோடு செய்தி முடிந்துவிடும். சில பையன்கள் அதன்பின் மாதக்கணக்கில் வயிற்றில் ஒட்டிய பையோடு வாழ்கிறார்கள். மலம் அதில் வந்து சேரும். பதினேழு வயதில் அதைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு எந்த வகுப்புக்குப் போவான்?

"எதுக்குத் தம்பி கத்தி வெச்சிருந்த?" என்று தனியாக இருக்கும்போது கேட்பேன். வீரவசனம் அபூர்வம். "பயமா இருந்துச்சு" என்பதுதான் அதிகம். ஒரு தெருவில் ஒருவனுக்குக் குத்து விழுந்தால், அடுத்த வாரமே அங்கே பைக்குள் கத்தியோடு நடக்கிறவர்கள் கூடிவிடுகிறார்கள். கையில் இருந்தால் வாய்ச்சண்டையிலும் வெளியே வந்துவிடுகிறது.

லண்டனின் பெரிய காயச் சிகிச்சை மையம் ஒன்றில், 2004 முதல் 2014 வரை கத்திக்குத்தோடு வந்த 25 வயதுக்குட்பட்ட 1,824 பேரின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். அவர்களில் 16 வயது நிரம்பாதவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் குத்துப்பட்டது மாலை 4 மணிக்கும் 6 மணிக்கும் நடுவே. பள்ளி விட்டு வீடு திரும்பும் நேரம் அது. நள்ளிரவு ரோந்தை மட்டும் கூட்டினால் இந்தப் பிள்ளைகளுக்கு என்ன பயன்? எல்லா வகுப்பையும் ஒரே நேரத்தில் வெளியே விடாதீர்கள் என்று அந்த ஆய்வாளர்கள் யோசனை சொன்னார்கள்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 2005இல் போலீசே வன்முறைத் தடுப்புப் பிரிவு ஒன்றைத் தொடங்கி, இதைத் தொற்றுநோய்போல் அணுகியது. பிந்தைய ஆண்டுகளில் கொலைகள் வெகுவாகக் குறைந்தன. முழுப் புகழும் அதற்கே என்று சொல்ல மாட்டேன். ஆனால் தொற்று என்ற பார்வை சரி. எங்கள் வராந்தாவிலேயே அது பரவுவதைப் பார்க்கிறேன். அறுவை அரங்கில் விளக்கு எரியும்போதே, வெளியே நாலு பேர் செல்போனோடு கூடி, "யாருன்னு தெரிஞ்சுபோச்சு" என்பார்கள். அடுத்த காயம் உருவாகும் நேரம் அது. அங்கே ஒரு காவலர் நிற்பதைவிட, அந்தப் பையன்கள் மதிக்கிற ஓர் அண்ணன் வந்து உட்கார்ந்தால் பலன் அதிகம்.

தையல் பிரிக்க வருகிறவனிடம் இப்போது அறிவுரை சொல்வதில்லை. "எந்த வழியா வீட்டுக்குப் போற?" என்று மட்டும் கேட்கிறேன். போன முறை கேட்டபோது, பையன் வாய் திறக்கும் முன் அம்மா சொன்னார்: "இவன் வெளியவே போறதில்ல டாக்டர். சின்னவன்தான் சுத்திக்கிட்டுப் போறான். அவன் பையைத் தினமும் நான் தடவிப் பார்த்துட்டுத்தான் அனுப்புறேன்."