மெயில்பாக்ஸ் லாக்: பூட்டா, தாழ்ப்பாளா?

மின்னஞ்சல் பெட்டியை ஒரு நிரல் கையாளும்போது மற்ற நிரல்கள் அதைத் தொடாமல் தடுக்கும் ‘மெயில்பாக்ஸ் லாக்’ என்பதைத் தமிழில் ‘அஞ்சல்பெட்டிப் பூட்டு’ என்று எழுதுகிறோம். எனக்கு அதில் ஒரு நெருடல் உண்டு.

யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் பழைய மெயில் சேமிப்பு முறையான எம்பாக்ஸில், ஒருவருக்கு வந்த மெயில் எல்லாம் ஒரே கோப்பில் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கிடக்கும். புது மெயில் கடைசியில் சேரும். நடுவில் ஒன்றை நீக்கினால் கோப்பையே திருத்தி எழுத வேண்டும். இரண்டும் ஒரே சமயத்தில் நடந்தால் கடிதங்கள் சிதைந்துபோகும். அதனால் உள்ளே நுழையும் நிரல், பக்கத்திலேயே ‘.லாக்’ என்று முடியும் ஒரு குட்டிக் கோப்பை வைக்கும். வேலை முடிந்ததும் அழித்துவிடும். அதுவரை மற்ற நிரல்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

சரி, இதில் சாவி எங்கே இருக்கிறது? திருவல்லிக்கேணி ஒண்டுக்குடித்தனங்களில் இருந்தவர்களுக்குச் சட்டென்று புரியும். அத்தனை குடித்தனத்துக்கும் ஒரே குளியலறை. போகிறவர் உள்ளே ‘தாப்பா’ போட்டுக்கொள்வார். வெளியே பக்கெட்டோடு வரிசை நிற்கும். உள்ளே போனவர் மயங்கி விழுந்தால் கதவை உடைக்க வேண்டும். நிரல் பாதியில் செத்துப்போனாலும் இதே கதைதான்: லாக் கோப்பு அப்படியே நிற்கும், சர்வரைப் பார்த்துக்கொள்பவர் கையால் அழிக்க வேண்டும்.

‘பூட்டு’ என்பது ‘பூண்’ என்ற வினையின் பிறவினை. காண், காட்டு மாதிரி. ஏர் பூட்டுவது, வண்டி பூட்டுவது எல்லாம் பிணைப்பதுதான். ‘தாழ்’ கதவை அடைக்கும் கட்டை. திருக்குறளிலேயே இருக்கிற சொல். வேடிக்கை என்னவென்றால், ‘லாக்’ என்பதும் பழைய ஆங்கிலத்தில் கதவுத் தாழைக் குறித்ததுதான். ஆகவே ‘அஞ்சல்பெட்டித் தாழ்’, வினையாக ‘தாழிடு’ என்பது என் தேர்வு.

சர்வரிலிருந்து மெயிலை இறக்கிக்கொள்ளும் முறையான பாப்3-க்கு 1996-இல் வந்த வரையறை, ஒருவர் இணைப்பில் இருக்கும்வரை பெட்டி முழுவதையும் தாழிடச் சொல்கிறது. இதைத் ‘தனித்தாழ்’ எனலாம். அலுவலகக் கணினி பெட்டிக்குள் இருக்கும்போது மின்சார ரயிலில் போனை எடுத்தால் பிழைச்செய்தி வருவது இதனால்தான். மார்க் கிறிஸ்பின் 1986-இல் உருவாக்கிய ஐமேப் என்ற இன்னொரு முறையில், மெயிலைச் சர்வரிலேயே வைத்துக்கொண்டு பல கருவிகள் ஒரே பெட்டியைத் திறந்து வைக்கலாம். அதற்கு ‘உடனணுகல்’ பொருந்தும். ‘ஒரேநேர அணுகல்’ என்றாலும் குற்றமில்லை.

அப்புறம் டேனியல் பெர்ன்ஸ்டைன் என்ற நிரலாளர் உருவாக்கிய மெயில்டிர் என்ற சேமிப்பு முறை. மெயிலுக்கு ஒரு கோப்பு, ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர். தற்காலிக அடைவில் (ஃபோல்டரில்) எழுதி முடித்தபின்தான் புதியவற்றின் அடைவுக்கு நகரும். புது மெயிலைப் போட அங்கே தாழே தேவையில்லை.