குவாலிட்டி: தன்மையா, தரமா, மாற்றா?

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பாடாங் செராயில் எங்கள் தாமான் (குடியிருப்பு) கோயிலில், பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த பிள்ளைகளை வாழ்த்திப் பேனர் கட்டுவார்கள். ஒவ்வொரு பெயருக்குக் கீழும் படிப்பின் பெயர் தமிழில் இருக்க வேண்டும் என்பது நிர்வாகத்தின் பிடிவாதம். மருத்துவம், சட்டம், கணக்கியல் எல்லாம் சிக்கலில்லாமல் போய்விட்டன. ஒரு பெண்ணுக்கு மட்டும் குவாலிட்டி சிஸ்டம்ஸ் மேனேஜ்மெண்ட் இளங்கலை. அச்சுக்குப் போகும் முன் வந்த நகலில் அது ‘தரமான நிர்வாகத் துறை’ என்று இருந்தது. பெண்ணின் அப்பா பார்த்துவிட்டு, “அப்ப மத்தப் பிள்ளைங்க படிக்கிறது தரமில்லாததா சார்?” என்றார்.

அவர் கேட்டது சரி. தரம் வேறு, தரமான என்பது வேறு. இங்கே பெயரைத் திருத்தும் வேலை என் தலையில் விழுந்ததால் சொல்லைக் கொஞ்சம் தோண்டினேன்.

‘குவாலிட்டி’யின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘குவாலிஸ்’ என்றால் எத்தகையது, எப்படிப்பட்டது. பிளேட்டோ கிரேக்கத்தில் இதே பொருளில் ஆண்ட ஒரு சொல்லுக்கு ஈடாக ரோமானியப் பேச்சாளர் சிசரோ அதிலிருந்து ‘குவாலிடாஸ்’ என்று ஒன்றை உண்டாக்கினார். அதாவது, பிறந்தபோதே அது ஒரு மொழிபெயர்ப்புச் சொல். இன்று நாம் படும் பாட்டை இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே ஒருவர் பட்டிருக்கிறார். அந்த முதல் பொருளுக்குத் தமிழில் நேராக நிற்பது ‘தன்மை’. வெல்லத்துக்கு இனிப்புத் தன்மை, வேம்புக்குக் கசப்புத் தன்மை. இதில் உயர்வும் இல்லை, தாழ்வும் இல்லை. ‘உயர்ந்தது’ என்ற சாயம் பின்னால் ஏறியது.

தமிழில் நிலைத்தது ‘தரம்’. நம் பேச்சில் இது பல வேலை செய்கிறது. ஏலத்தில் ‘ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்’ என்னும்போது தடவை. இலங்கையில் ‘தரம் ஐந்து’ என்றால் பள்ளி வகுப்பு. சோழர் கல்வெட்டுகளில் விளைநிலத்தை வகைப்படுத்திய படிநிலைக்கே தரம் என்று பெயர். வகைப்படுத்தாத நிலம் தரமிலி. ஆக, தரம் என்றால் எந்தப் படியில் இருக்கிறது என்று அளந்து சொல்வது. முதல் தரமும் தரம், மூன்றாம் தரமும் தரம். ‘தரமான’ என்று நீட்டும்போதுதான் உயர்வு ஒட்டிக்கொள்கிறது.

மலாய்க்காரர்களிடம் ‘குவாலிட்டி’யோடு ‘முத்து’ என்ற இன்னொரு சொல்லும் உண்டு. சிப்பி முத்து இல்லை இது. பொன்னின் சுத்தத்தை அளக்கும் சொல். ‘பத்து முத்து’ப் பொன் என்றால் சொக்கத் தங்கம். நம் ‘பத்தரை மாற்றுத் தங்கம்’ உடனே காதில் விழவில்லையா? தமிழ் ‘மாற்று’தான் அங்கே போனது என்பார்கள் சொல்லாய்வாளர்கள். நாம் கடன் கொடுத்துவிட்டு, கொடுத்ததை மறந்தும்போனோம். மாற்றை உரைத்துப் பார்க்கும் கல்லுக்குக் கட்டளைக்கல் என்று பெயர். ‘தத்தம் கருமமே கட்டளைக் கல்’ என்ற குறளில் நிற்கும் கல் அதுதான். கட்டளை என்றால் இன்று உத்தரவு. பழைய பொருளில் ஒத்துப் பார்ப்பதற்கான அளவு. ஓர் அடிக்கு இத்தனை எழுத்து என்று எண்ணிக் கட்டும் பாட்டுக்குக் கட்டளைக் கலித்துறை என்று பெயர் வந்தது அதனால்தான். ஸ்டாண்டர்ட் என்பதற்கு நான் விரும்பியது இந்தக் கட்டளையைத்தான். என்ன செய்வது, ‘தரநிலை’ முந்திக்கொண்டது.

நம் ரப்பர் தோட்டத்து ஆட்களுக்குத் தரம் புதுச் சங்கதி இல்லை. விடியலில் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், மரம் வெட்டி முடித்து, ரப்பர் பாலைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குப் போனால் கிராணி, அதாவது தோட்டக் கணக்கர், மெட்ரோலாக் என்ற அளவுகருவியை உள்ளே மிதக்கவிடுவார். பாலில் காய்ந்த ரப்பர் எவ்வளவு என்று அது காட்டும். சும்மா வாளி நிறைய இருந்தால் போதாது. தண்ணீர் கலந்தால் மெட்ரோலாக் காட்டிக்கொடுத்துவிடும், கூலியும் சுருங்கும். புகை போட்ட ரப்பர் ஷீட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, குமிழி, தூசி, பூசணம் பார்த்து ஒன்றிலிருந்து ஐந்து வரை வகை பிரித்தார்கள். எல்லாம் கண் கணக்கு. 1965இல் மலேசியா எஸ்எம்ஆர் (ஸ்டாண்டர்ட் மலேசியன் ரப்பர்) முறையைக் கொண்டுவந்தது. அழுக்கு, சாம்பல், நைட்ரஜன் என்று சோதனைக்கூடத்தில் அளந்து வகை சொன்னார்கள். கண்ணிடமிருந்து அளவுகோலிடம் போனது தரம். நான் கேட்டால், அந்தப் படிப்பின் முதல் பாடம் இதுதான் என்பேன்.

இனி ‘சிஸ்டம்ஸ்’. கூலிம் ஹைடெக் பார்க், பிறை தொழிற்சாலைகளில் கியூசி (குவாலிட்டி கண்ட்ரோல்) வேலை பார்க்கும் பிள்ளைகள் இல்லாத வீடு இங்கே குறைவு. கம்பனி பஸ்ஸில் போய், வரும் பொருளைப் பார்த்து, கெட்டதை ஒதுக்குவது அவர்கள் வேலை. அது தரக் கட்டுப்பாடு. கெட்டது வரவே வராதபடி முன்கூட்டியே ஏற்பாடு செய்வது தர உறுதிப்பாடு. யார் எதைச் செய்வது, எதில் எழுதுவது, தவறு நடந்தால் காரணத்தை எங்கே தேடுவது என்று நிறுவனம் முழுவதும் ஓடும் ஏற்பாடு தர மேலாண்மை முறைமை. ஐஎஸ்ஓ 9001 என்ற அனைத்துலகத் தரநிலையின் சான்று பொருளுக்கு இல்லை, இந்த முறைமைக்கு. அந்தத் தரநிலை 1987இல் வந்தது, 2015இல் பெரிதாகத் திருத்தப்பட்டது. செம்பனைத் தோட்டங்களுக்கு 2020 ஜனவரி முதல் கட்டாயமான எம்எஸ்பிஓ (மலேசிய நிலைத்தன்மைச் செம்பனை எண்ணெய்) சான்றும் அப்படித்தான்: நிலைத்தன்மைக்கான சான்று, ஆனாலும் தணிக்கை பார்க்க வருபவர் எண்ணெயைச் சோதித்துவிட்டுப் போய்விட மாட்டார், தோட்டம் நடக்கும் விதத்தையே கேட்பார்.

‘ஒரு டிகிரிக்கா இதைப் படிக்கிறாங்க?’ என்றும் கேட்டார்கள். பொருளைப் பார்த்து ஒதுக்குவதற்கு டிகிரி தேவையில்லைதான். 1924இல் அமெரிக்காவில் புள்ளியியலாளர் வால்டர் ஷூஹார்ட் வரைந்த கட்டுப்பாட்டு வரைபடம், 1950இல் இன்னொரு அமெரிக்கப் புள்ளியியலாளர் டெமிங் ஜப்பானியருக்கு நடத்திய புள்ளியியல் வகுப்புகள், தணிக்கை, செலவுக் கணக்கு என்று பாடம் விரியும். ஏற்ற இறக்கம் இயல்பானதா, ஏதோ கெட்டுப்போய் வருவதா என்று பிரித்துப் பார்ப்பதில் இருக்கிறது சூட்சுமம். கணக்கு பிடிக்காதவர்கள் திணறுவார்கள். அதையும் சொல்லிவிட வேண்டும்.

பேனருக்கு நான் எழுதிக் கொடுத்தது: ‘தர முறைமை மேலாண்மை’. தர மேலாண்மை முறைமை என்று மாற்றிப் போட்டால் அது நிறுவனத்தில் இருக்கும் ஏற்பாட்டின் பெயராகிவிடும். இது அந்த ஏற்பாடுகளை நடத்தக் கற்கும் படிப்பு. புணர்ச்சியும் முக்கியம். தரம் என்பதில் மகர ஒற்று விழுந்து, வல்லினம் வந்தால் மிகும்: தரக் கட்டுப்பாடு, தரச் சான்று. ‘தர கட்டுப்பாடு’ என்று அச்சடித்தால் அது பிழை.

அச்சுக்கடைக்காரர் எழுத்து பெரிதாக வரவில்லை என்று ‘தர மேலாண்மை’யாகச் சுருக்கிவிட்டார். அது தவறில்லை. அப்பா இப்போது யார் கேட்டாலும், “மாற்றுப் பார்க்கிற படிப்பு” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.