தூண்டில் கம்பு ஒடிந்து வந்தால் ஏழு நாள்: விமானப் பயணிக்கு உள்ள உரிமையும் அதைத் தட்டிக்கழிக்கும் வழிகளும்

விடுமுறைக்கு மீன் பிடிக்கப் போனவர் தங்குமிடம் சேர்ந்து, தூண்டில் கம்பை வைத்துக் கொண்டுவந்த குழாயைத் திறக்கிறார். கம்பின் நுனித் துண்டு கடைசி வளையத்துக்குக் கீழே ஒடிந்து கிடக்கிறது. விமான நிறுவனத்துக்குப் போன் போட்டால், "விமான நிலையத்தை விட்டு வெளியே போய்விட்டீர்கள், இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று பதில் வருகிறது. பெரும்பாலானோர் இதை நம்பி அத்தோடு விட்டுவிடுகிறார்கள். நம்பாதீர்கள், அது தவறான பதில். வெளியே வந்த பிறகும் உங்களுக்கு ஏழு நாள் இருக்கிறது. எழுத்தில் புகார் கொடுக்காமல் அந்த ஏழு நாளை நழுவவிட்டால்தான் உண்மையிலேயே ஒன்றும் செய்ய முடியாது.

நாடு விட்டு நாடு போகும் பயணங்களில் பெரும்பாலானவற்றுக்கு 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும். செக்-இன் செய்த சாமான் விமான நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கும்போது சேதமானாலோ தொலைந்தாலோ நிறுவனம்தான் பொறுப்பு. அவர்கள்மேல் தவறு இருந்தது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. உச்சவரம்பு ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர். எஸ்டிஆர் என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கலகு; 1,519 என்பது சுமார் 2,000 அமெரிக்க டாலர். 2024 டிசம்பர் 28 முதல் இந்தத் தொகை நடப்பில் இருக்கிறது. அதற்கு முன் 1,288 ஆக இருந்தது. பழைய படிவத்தைக் காட்டி 1,288 என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இந்த வரம்பு ஒரு பெட்டிக்கு இவ்வளவு என்பதல்ல, ஒரு ஆளுக்கு இவ்வளவு. துணிப்பெட்டியும் தூண்டில் குழாயும் சேர்ந்து தொலைந்தாலும் மொத்தமே அவ்வளவுதான். இரண்டு நல்ல கம்பும், தூண்டில் நரம்பைச் சுற்றும் ரீல் இரண்டும் வைத்திருப்பவருக்கு இது போதாது. அதற்கும் சட்டத்தில் வழி உண்டு: செக்-இன் செய்யும்போதே சாமானின் மதிப்பைத் தனியாக அறிவித்து, கேட்கும் கட்டணத்தைக் கட்டினால் வரம்பு அந்த மதிப்புக்கு உயரும். சிக்கல் என்னவென்றால், கவுண்டரில் இருப்பவருக்குப் பல நேரம் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பயணத்துக்குப் பத்து நாள் முன்பே மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள்.

"தூண்டில் கம்புக்கு அனுமதி உண்டு"

இணையதளத்தில் இருக்கும் இந்த ஒரு வரியை நம்பிப் போனவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். கேபினுக்குள்ளா, சரக்கறையிலா என்று அந்த வரி சொல்வதில்லை. கேபின் என்றே சொன்னாலும் அளவு விதி தளர்வதில்லை. ஒன்பது அடிக் கம்பு நான்கு துண்டாகப் பிரிந்தால் ஒரு துண்டு 70 சென்டிமீட்டருக்கு மேல் வரும், குழாய் 76 முதல் 80 வரை போகும். கைப்பைக்குப் பல நிறுவனங்கள் வைத்திருக்கும் நீளம் 55, 56 சென்டிமீட்டர்தான். போகும்போது ஒருவர் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பார், திரும்பும்போது இன்னொருவர் நிறுத்துவார். இது போதாதென்று, பாதுகாப்புச் சோதனை தனி அதிகாரம். விமான நிறுவனம் சரி என்றாலும் சோதனை அதிகாரி வேண்டாம் என்றால் அதுதான் முடிவு. எழுத்தில் அனுமதி இருந்தாலும் அங்கே வாதாடிப் பயனில்லை. கேபினுக்கென்று கொண்டுபோகும் குழாயையும் சரக்கறைக்குப் போனால் தாங்கும் விதத்திலேயே கட்டுங்கள்.

ரீலைக் கையில் கொண்டுபோவதுதான் நல்லது. விலை கூடிய, சிறிய பொருள் அது. குழாயில் வைத்தால் கம்பை இடித்து உடைப்பதும் அதுவேதான். நரம்பு சுற்றிய ரீலைச் சில இடங்களில் தடுப்பார்கள், அதனால் நரம்பைக் கழற்றித் தனியாக சரக்கறைப் பெட்டியில் போடுங்கள். பெரிய முள், மும்முள் மாட்டிய லூர் (போலி இரை), கத்தி, இடுக்கி, மீனைக் கொத்தித் தூக்கும் கொக்கி எல்லாமே சரக்கறைக்கு. ஈயக்குண்டுகளை ஒரே டப்பாவில் குவிக்காதீர்கள். எக்ஸ்ரேயில் அது ஊடுருவ முடியாத கறுப்புக் கட்டியாகத் தெரியும், பெட்டியைத் திறந்துவிடுவார்கள். தட்டையாகப் பரப்பி வைத்தால் அந்தத் தொல்லை பாதியாகக் குறையும்.

சரக்கறைக் கணக்கு வேறு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டருக்குள், எடை 23 கிலோவுக்குள் என்பது பல நிறுவனங்களின் பொது அளவு. நான்கு துண்டுக் கம்பின் குழாய் 80, 8, 8 என்று கூட்டினால் 96, சிக்கலே இல்லை. ஏழடிக் கம்பு இரண்டு துண்டானால் குழாய் 115, 10, 10 என்று 135 வரும், அதுவும் சரி. அதே ஏழடி ஒரே துண்டாக இருந்தால் குழாய் 220, கூட்டினால் 240. இங்கேதான் "விளையாட்டுச் சாமான்" (ஸ்போர்ட்ஸ் எக்விப்மென்ட்) என்ற விதி வேலைக்கு வருகிறது. பல நிறுவனங்கள் தூண்டில் சாமானை நீளம் பார்க்காமல் ஒரு பெட்டியாக எடுத்துக்கொள்கின்றன. ஆனால் எத்தனை கம்பு, ஒரு டப்பா சேர்த்தா சேர்க்காமலா, அதிகபட்ச நீளம் என்ன என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கவுண்டரில் இருப்பவர் கணினியில் அந்த வகையைத் தேர்ந்தெடுக்காமல் "அளவு கூடிய சாமான்" என்று போட்டுவிட்டால் பணம் போய்விடும். விதியின் பக்கத்தை அச்செடுத்துக் காட்டுங்கள். முன்பதிவில் அந்தச் சாமானைச் சேர்க்கச் சொல்லி, டிக்கெட்டில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். தொலைபேசியில் "குறித்துக்கொண்டோம்" என்று சொன்னது கவுண்டரில் செல்லாது.

அடுத்த பொறி, டிக்கெட்டில் ஒரு நிறுவனத்தின் பெயர், பறப்பது இன்னொரு நிறுவனத்தின் விமானம். டிக்கெட் விற்றவரிடம் விதி கேட்டு வந்திருப்பீர்கள், கவுண்டரில் நிற்பவர் பறக்கும் நிறுவனத்தின் ஆள். இருவரிடமும் எழுத்தில் கேளுங்கள். கடைசிக் கட்டம் சின்ன விமானமாக இருந்தால் நீளமான குழாய் சரக்கறைக் கதவுக்குள் நுழையுமா என்பதையும் கேளுங்கள். நுழையாவிட்டால் உங்களிடம் சொல்லாமலே அடுத்த விமானத்துக்கு விட்டுவிடுவார்கள்.

இரண்டு தனித்தனி டிக்கெட் வாங்கி இணைப்பு விமானம் பிடிப்பதைத் தூண்டில் சாமானோடு செய்யாதீர்கள். ஒரே டிக்கெட் என்றால் முதல் நிறுவனம், கடைசி நிறுவனம், உடைத்த நிறுவனம் மூன்றில் யாரிடமும் கேட்கலாம். தனி டிக்கெட் என்றால் "எங்களிடம் வரும்போதே உடைந்திருந்தது" என்று ஒருவர் மற்றவரைக் கைகாட்ட, நீங்கள் நடுவில் நிற்பீர்கள்.

கையெழுத்துப் போடும் முன்

குழாயைப் பார்த்ததும் ஒரு சீட்டை நீட்டி, "இதில் கையெழுத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் ஏற்ற மாட்டோம்" என்பார்கள். பொறுப்புக் குறைப்புச் சீட்டு அது. அதில் கட்டங்கள் இருக்கும்: ஏற்கெனவே சேதமடைந்தது, கட்டு போதாது, உடையக்கூடியது. எந்தக் கட்டத்தில் டிக் விழுந்திருக்கிறது என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கெட்டியான குழாயில் சரியாகக் கட்டியிருந்தால் "கட்டு போதாது" என்பதைக் கோடு போட்டு நீக்கச் சொல்லுங்கள். நிறுவனத்தின் பொறுப்பையே இல்லாமல் ஆக்கும் நிபந்தனை செல்லாது என்று உடன்படிக்கையின் 26ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் சாமானின் சொந்தக் குறையால் வந்த சேதத்துக்கு அவர்கள் பொறுப்பல்ல என்று 17ஆம் பிரிவில் இருக்கிறது. நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் சீட்டைத்தான் பிறகு அதற்குச் சான்றாகக் காட்டுவார்கள்.

கையோடு இன்னொன்று. நீளமான குழாய் கவுண்டரில் சாமான் நகரும் பட்டையில் போகாது. டேக் ஒட்டி உங்களிடமே தந்து, "அளவு கூடிய சாமான்" இடத்தில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்வார்கள். அங்கே அந்த டேக்கை ஸ்கேன் செய்யும்வரை நின்று பாருங்கள். வெறுமனே சாய்த்து வைத்துவிட்டு வந்த குழாய்கள் அங்கேயே தங்கிவிடுகின்றன. டேக்கின் துண்டுச் சீட்டுதான் உங்கள் ரசீது, பத்திரமாக வைத்திருங்கள்.

குழாய்க்குள்

கம்பு உடைவது வெளியிலிருந்து விழும் அடியால் மட்டுமல்ல. உள்ளே லூசாக இருப்பதால்தான் அதிகம் உடைகிறது. குழாயைச் செங்குத்தாகப் போடும்போது துண்டுகள் வழுக்கிப் போய் மூடியில் மோதும், முதலில் போவது நுனி. துண்டுகளை எதிர் எதிராக, ஒன்றின் தடித்த பக்கம் மற்றதன் நுனிக்கு அருகே வரும்படி துணி உறையில் வையுங்கள். நுனி, தடித்த முனையைவிட இரண்டு விரல் உள்ளே இருக்க வேண்டும். இரண்டு முனையிலும் 4, 5 சென்டிமீட்டர் கெட்டி நுரை, சுற்றிலும் மடித்த சட்டையோ துண்டோ. மூடிவிட்டுக் குலுக்குங்கள். சத்தம் கேட்டால் திறந்து மறுபடி கட்டுங்கள்.

நீட்டிச் சுருக்கும் குழாய் என்றால் அதன் பூட்டுப் பொத்தானை மட்டும் நம்பாதீர்கள், அடி வாங்கினால் அது உள்ளே போய்விடும். இணைப்பைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். வட்டக் குழாய் பட்டையில் உருளும். இரண்டு குழாய் இருந்தால் சேர்த்துக் கட்டினால் உருளாது. சோதனைக்குத் திறப்பவர்கள் மறுபடி கட்டித் தர மாட்டார்கள். மூடியின் உள்பக்கம், எந்த வரிசையில் வைக்க வேண்டும் என்று படத்தோடு ஒரு தாள் ஒட்டுங்கள். மூடும் முன் கம்பு முழுசாகத் தெரியும்படி ஒரு படம், கட்டிய பிறகு ஒன்று, கவுண்டரில் டேக்கோடு ஒன்று. பின்னால் பணம் வாங்கித் தருவது இந்த மூன்று படங்கள்தான்.

மின் ரீல், மீன் காட்டும் கருவி, நெற்றி விளக்கு இருந்தால் உதிரி லித்தியம் பேட்டரி கைப்பையில்தான் போக வேண்டும். வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் வாட்-மணி. 100 வரை சரி. 100 முதல் 160 வரை நிறுவனத்தின் அனுமதியோடு இரண்டு மட்டும். 14.8 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரி 148 வருகிறது, ஆகவே அனுமதி வேண்டும். படகு மோட்டாருக்கான 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி 1,200. பயணச் சாமானில் அதற்கு இடமே இல்லை. வாயிலில் கைப்பையை வாங்கி சரக்கறைக்கு அனுப்பினால், கொடுக்கும் முன் பேட்டரியை வெளியே எடுங்கள், டேக்கின் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். தானாகக் காற்றடைத்துக்கொள்ளும் உயிர்காப்புச் சட்டைக்கும் அதன் வாயுக் குப்பிக்கும் முன்அனுமதி வேண்டும். கவுண்டரில் போய்க் கேட்கிற விஷயமல்ல அது.

போகும் நாட்டின் எல்லை விதியையும் பாருங்கள். நியூசிலாந்தில் ஃபெல்ட் (அழுத்திய கம்பளி போன்ற துணி) அடிப்பாகம் வைத்த நீர்க்காலணிக்குத் தடை, பயன்படுத்திய தூண்டில் சாமானை அறிவித்தே ஆக வேண்டும். ஐஸ்லாந்து, தன் நாட்டுக்கு வெளியே பயன்படுத்திய சாமானைக் கிருமி நீக்கம் செய்திருக்க வேண்டும் என்கிறது. ஈரமும் சேறுமாக எடுத்துப் போனால் எங்கும் நிற்க வேண்டிவரும்.

இறங்கிய பிறகு

துணிப்பெட்டி சுழலும் பட்டையிலேயே குழாய் வரும் என்று மணிக்கணக்கில் நிற்காதீர்கள். அளவு கூடிய சாமானுக்குத் தனிக் கதவு இருக்கும், பல நேரம் மூலையில். குழாயை அங்கேயே திறந்து பாருங்கள். உடைந்திருந்தால் சாமான் மேசையில் பிஐஆர் எனப்படும் அறிக்கை எழுதி, எண்ணை வாங்குங்கள். "மின்னஞ்சலில் அனுப்புங்கள், இங்கே எழுத முடியாது" என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். மேசையையும் குழாயையும் நேரத்தோடு படம் எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள்.

இங்கேதான் மிகப் பெரிய ஏமாற்றம் நடக்கிறது. பிஐஆர் எழுதினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். பிஐஆர் வேறு, இழப்பீட்டுப் புகார் வேறு. சேதத்துக்கு, சாமான் கைக்கு வந்த நாளிலிருந்து 7 நாளுக்குள் எழுத்தில் புகார் போக வேண்டும். தாமதமாக வந்தால் கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாள். அனுப்பிய தேதிதான் கணக்கு, அவர்கள் எடுத்துப் படித்த தேதியல்ல. குழாய் வந்து அதிலிருந்த ரீல் மட்டும் காணாமல் போயிருந்தாலும் 7 நாளையே கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள். 21 நாளாகியும் குழாயே வரவில்லை என்றால் தொலைந்ததாகவே கணக்கு, "இன்னும் தேடுகிறோம்" என்ற பதிலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இணையப் படிவத்தில் போட்டாலும் அதே வரிகளை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். படிவங்கள் நகல் தருவதில்லை.

எழுத வேண்டியது சில வரிதான்:

"இன்ன தேதியில், இன்ன எண் விமானத்தில், இன்ன டேக் எண்ணுள்ள தூண்டில் குழாயை ஒப்படைத்தேன். இன்ன தேதியில் பெற்றுக்கொண்டபோது கம்பின் நுனித் துண்டு ஒடிந்திருந்தது. பிஐஆர் எண் இது. மாண்ட்ரியல் உடன்படிக்கையின் 17, 31ஆம் பிரிவுகளின்படி இது என் எழுத்துப் புகார். கேட்கும் தொகை இவ்வளவு. படங்களும் ரசீதும் இணைப்பில்."

அடுத்து அவர்கள் சொல்வது, "ஒரு துண்டுதானே உடைந்தது, அதற்கு மட்டும் தருகிறோம்". அந்தத் துண்டு தனியாக விற்பனைக்கு இல்லை என்றால், தயாரிப்பாளரிடமோ கம்பு பழுதுபார்ப்பவரிடமோ அதை எழுதி வாங்கி அனுப்புங்கள். முழுக் கம்பின் விலையைக் கேட்க அதுதான் ஆதாரம். பழசு என்று சொல்லி மதிப்பைக் குறைப்பார்கள், வாங்கிய ரசீது இல்லாவிட்டால் இன்னும் குறைப்பார்கள். ஒடிந்த கம்பைத் தூக்கிப் போடாதீர்கள், நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்பார்கள்.

குழாய் தாமதமாகி விடுமுறையில் பாதி போய்விட்டால், அந்த நாட்களுக்கு வாடகைக்கு எடுத்த கம்பு, ரீலின் செலவைக் கேட்கலாம். ரசீது இல்லாத செலவை எழுதவே எழுதாதீர்கள், ஒன்று பொய்யாகத் தெரிந்தால் மற்றதையும் சந்தேகிப்பார்கள். பயணக் காப்பீடு எடுத்திருந்தால் ஒரு பொருளுக்கு எவ்வளவு வரம்பு, விளையாட்டுச் சாமான் சேருமா என்பதைப் பயணத்துக்கு முன்பே படியுங்கள். காப்பீட்டுக்காரர் பிஐஆர் கேட்பார், விமான நிறுவனம் தந்த மறுப்புக் கடிதமும் கேட்பார். ஆகவே மறுத்தால், மறுப்பைக் காரணத்தோடு எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

பதிலே வராமல் இழுத்தால் மாதம் ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். ஆனால் அந்தக் கடிதப் போக்குவரத்து கெடுவை நீட்டிக்காது. வழக்குப் போட, விமானம் வந்துசேர்ந்த அல்லது வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 2 ஆண்டு மட்டுமே. "பரிசீலனையில் உள்ளது" என்ற கடிதம் எத்தனை வந்தாலும் அந்த 2 ஆண்டு ஓடிக்கொண்டேதான் இருக்கும்.